உத்திரத்தை மூடாதே, பாப்பா

சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

உங்கள் சிகாகோ லாஃப்ட் வீட்டைப் புதுப்பிக்க நீ அனுப்பிய காண்ட்ராக்டர் கொட்டேஷனைத் தெருமுனைக் கடையில் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துவந்து, இரண்டு நாளாகப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். 62,000 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே என்று எவ்வளவோ சொன்னேன், அம்மா பெருக்கிவிட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

"நாலைந்து வருஷத்தில் விற்கத்தானே போகிறோம், போட்ட காசு திரும்பி வந்துவிடும் இல்லையாப்பா" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குட்டிப்பயல் போனைப் பிடுங்கிவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன். சிலதுக்கு வரும். சிலதுக்குப் பாதிகூட வராது. ஒன்றிரண்டு வேலைகள் இருக்கிற விலையையும் இறக்கிவிடும்.

முதலில், நீங்கள் வாங்கியிருப்பது என்ன என்பதைப் பார். நம் ஊரில் லாஃப்ட் என்றால் கொலுப்படி போட்டுவைக்கிற பரண். அங்கே அது பழைய தொழிற்கூடத்தின் ஒரு துண்டு. போன வருஷம் பிரின்டர்ஸ் ரோவில் உங்களோடு இருந்த மூன்று மாதமும் தினம் காலையில் டியர்பார்ன் தெருவில் நடந்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1871 சிகாகோ பெருந்தீக்குப் பிறகு எழும்பிய அச்சகப் பகுதி. அச்சுக் கோக்கிறவனுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவ்வளவு பெரிய ஜன்னல்கள், இயந்திரத்தின் பாரம் தாங்க ஓரடிக்கு ஓரடி கனத்தில் மரத் தூணும் உத்திரமும். தீப்பிடித்தாலும் அந்தக் கனத்த மரம் வெளியே கரியாகுமே தவிர உள்ளே நின்று தாங்கும். இன்று அப்படிப்பட்ட மரத்துக்கு எங்கே போவது?

இங்கே நான் பேங்குகளுக்கு வேல்யூவேஷன் போட்ட காலத்தில், முப்பது வருஷ ஃபிளாட் என்றால் கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்துவிட்டு, நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்குள்ள பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்றுதான் முதலில் பார்ப்பேன். நம் ஊர்ப் பழைய ஃபிளாட்டின் விலை நிலத்தில் இருக்கிறது, என்றைக்காவது இடித்துக் கட்டுவார்கள் என்பதால். உங்கள் கட்டடத்தை யாரும் இடிக்கப்போவதில்லை. அதன் பழமைக்குத்தான் வாங்குகிறவன் காசு தருகிறான். பழமையை மறைக்க நீ காசு செலவழித்தால் இரட்டை நஷ்டம்.

ஆகவே, அந்த ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். மேல்வீட்டுக்காரர் நடக்கிற சத்தம் தாங்காமல்தான் கேட்கிறாய், தெரியும். நானும் அங்கே படுத்தவன்தானே, ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மனுஷன் எதையோ உருட்டுவார். மரத் தளம் என்றால் சத்தம் இறங்கத்தான் செய்யும். வீடு பார்க்க வருகிறவர்களும் அதைக் கவனிப்பார்கள், அதனால் சத்தத்தைக் குறைக்கிற செலவு வீணில்லை. ஆனால் உத்திரத்துக்கு அடியில் முழுதாகப் பலகை அடித்து மூடாதே. உத்திரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மட்டும் அதிர்வு தாங்கும் கிளிப் வைத்து ஜிப்சம் பலகையை ஏற்றி, உத்திரத்தின் முகம் வெளியே தெரிகிற மாதிரி செய்யலாம். அதற்கும் முன்னால் அசோசியேஷன் விதியைப் படி. கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரத்தரை போட்டால் அடியில் சத்தம் தடுக்கும் விரிப்பு கட்டாயம் என்று பல இடங்களில் எழுதிவைத்திருப்பார்கள். மேலே அது இல்லையென்றால் செலவு அவருடையது.

அடுத்தது செங்கல் சுவருக்கு வெள்ளை பெயிண்ட். மாப்பிள்ளைக்கு வெளிச்சம் கூடும் என்று எண்ணம். அவரிடம் என் பெயரைச் சொல்லியே தடுத்துவிடு. பூசுவதற்கு ஒரு நாள் போதும், துளைக்குள் போன பெயிண்டைச் சுரண்டி எடுக்கச் செங்கல்லின் தோலே போய்விடும். ஜன்னல் திண்டில் தினம் காலையில் செம்மண் பவுடர் மாதிரி விழுகிறது என்றாயே, அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். லாஃப்டாக மாற்றியபோது மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்திருப்பார்கள், அதில் மேல்தோல் உரிந்திருக்கும். இடுக்குக் காரை உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புக் காரையால் நிரப்பச் சொல். சிமென்ட் கூடாது. பழைய செங்கல் மிருது. கெட்டிச் சிமென்ட்டோடு சேர்ந்தால் காரை நிற்கும், கல் வெடிக்கும். இதை அரசாங்கக் கட்டடங்களிலேயே எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

படுக்கையறைச் சுவரை மேல்வரைக்கும் எழுப்புவது நல்ல வேலை. அந்த அறைக்குச் சுவர் பாதியில் நிற்பதால் இங்கே தும்மினால் அங்கே கேட்கிறது. குழந்தை வைத்திருப்பவர்கள் பார்த்த உடனே திரும்பிப் போவது அதனால்தான். ஆனால் அறை உட்புறம், ஜன்னல் இல்லை. மேலே மிச்சமிருக்கிற இடைவெளியைப் பலகையால் அடைத்தால் குகை. கண்ணாடி போடச் சொல். அடைத்த பிறகு அந்த அறைக்குள் காற்று வந்து திரும்பும் வழி எது, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் எங்கே வரும் என்று கொட்டேஷனில் ஒரு வரி இல்லை. கேள். சுவர், ஒயரிங், தண்ணீர்க் குழாய் இதையெல்லாம் தொட்டால் நகராட்சி பெர்மிட்டும் வேண்டும். சிகாகோவில் மின் ஒயர் உலோகக் குழாய்க்குள்தான் ஓட வேண்டும் என்பது விதி. உங்கள் ஆள் சும்மா கேபிளை இழுத்துவிடலாம் என்றால் அவரை அனுப்பிவிடு.

பெர்மிட் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு நச்சரிக்கிறேன் என்று உனக்கே தெரியும். நம் நங்கநல்லூர் ஃபிளாட்டில் பின் பால்கனியை அடைத்துச் சமையலறையோடு சேர்த்தோமே, நீ பத்தாவது படிக்கும்போது. விற்கும்போது வாங்க வந்தவருடைய பேங்கிலிருந்து வந்த பையன் பிளானை விரித்துவைத்து, டேப்பைப் பிடித்து, "சார், இது பிளானில் இல்லையே" என்றான். நானே என்ஜினீயர்! அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லோன் இழுத்தடித்து, கடைசியில் இரண்டு லட்சம் குறைத்துத்தான் முடிந்தது. அம்மா ஆசை ஆசையாகப் போட்ட தேக்கு அலமாரிகளை அவர் குடிவந்த வாரமே பிடுங்கிப் போட்டார். அதை அம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

கொட்டேஷனில் பாதித் தொகை சமையலறைக்குப் போகிறது. அமெரிக்காவில் ஒரு கட்டுமானப் பத்திரிகைக்காரர்கள் வருஷாவருஷம் செலவையும் மறுவிற்பனை மதிப்பையும் ஒப்பிட்டு ஒரு கணக்கு வெளியிடுகிறார்கள். 2024 கணக்கில், அடக்கமாகச் செய்த சமையலறை வேலைக்குப் போட்டதில் சுமார் 96 சதவீதம் திரும்பி வருகிறது. ஆடம்பரமாக மாற்றினால் 38 சதவீதம்தான். வீட்டுத் தரகர்களிடம் கேட்டுப் போட்ட மதிப்பீடு அது, உங்கள் லாஃப்டுக்கு அப்படியே பொருந்தாது. போக்கு மட்டும் சரி. அலமாரிக் கூடு கெட்டியாக இருக்கிறது, நான் அசைத்துப் பார்த்தேன். கதவுகளை மட்டும் மாற்று, மேடைக்கல்லை மாற்று. இட்லி கொப்பரை ஏறுகிற மாதிரி நல்ல அடுப்பு ஒன்று போடு, அது உனக்காக.

இன்னொன்று. நாளைக்கு வாங்குகிறவனின் பேங்க் மதிப்பீட்டாளர் முதலில் எடுப்பது உங்கள் கட்டடத்திலேயே சமீபத்தில் விற்ற வீடுகளின் விலையைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனதோ, அதிலிருந்து ரொம்பத் தூரம் உன் பளிங்குக் கல் உன்னைத் தூக்கிவிடாது. விற்கும்போது இல்லினாய் சட்டப்படி அசோசியேஷனின் சேமிப்பு நிதி, வரப்போகும் பெரிய செலவுகள் எல்லாவற்றையும் வாங்குகிறவனிடம் காட்ட வேண்டும். கூரை, லிஃப்ட், ஜன்னல் என்று பெரிய வசூல் ஏதாவது பேச்சில் இருந்தால் உன் சமையலறையை யாரும் பார்க்க மாட்டார்கள். வரவிருக்கும் கூட்டத்துக்குப் போய் உட்கார். அலுப்பாகத்தான் இருக்கும், போ.

பில் ஒன்றையும் தூக்கிப் போடாதே. விற்கும்போது வரிக்காக லாபத்தைக் கணக்கிட, நிரந்தரமாகச் செய்த வேலைகளின் செலவை வாங்கிய விலையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

என் பென்சில் கணக்கில் 62,000 என்பது 28,000 ஆகிவிட்டது. தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன். அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், ஜனவரியில் யாராவது வந்தால் சொல்.

அப்புறம், படுக்கையறைச் சுவருக்கு மேலே உள்ள இடைவெளி என் நோட்டில் 4 அடி 3 அங்குலம் என்று இருக்கிறது, கொட்டேஷனில் 3 அடி 8. யாரோ ஒருவர் தப்பாக அளந்திருக்கிறோம். மாப்பிள்ளையை ஏணி போட்டு ஸ்டீல் டேப்பால் அளக்கச் சொல். துணி டேப் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா