‘2.5’ என்ற எண்ணை நம்பி வாங்கிய ரீடு: புகார் கடிதம்

அனுப்புநர்:
சாக்ஸபோன் கலைஞர்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழி இசைக்கருவி விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கான செயற்கை ரீடை மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

ஐயா,

முகூர்த்தத்தில் ஐயர் கை காட்டியதும் கெட்டிமேளம் முழங்கியாக வேண்டும். அந்த நேரத்தில், ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பட்டையான ரீடை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் ஊரின் உலர்ந்த காற்றில், இரண்டு பாட்டுக்கு நடுவே சற்று ஓய்ந்தாலே நாணல் ரீடின் நுனி காய்ந்து நெளிந்துவிடுகிறது. அதற்காகத்தான் தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பாக, 2,950 ரூபாய் கொடுத்து ஒற்றைச் செயற்கை ரீடு வாங்கினேன். அந்தப் பணத்துக்கு ஒரு பெட்டி நாணல் ரீடே வாங்கியிருக்கலாம்.

நான் வழக்கமாக வாசிப்பது 2.5 நாணல் ரீடு; இந்த எண் கூடக் கூட ரீடு கடினமாகும். உங்கள் விற்பனைப் பக்கத்தில், ‘நாணலில் வாசிக்கும் அதே எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று இருந்தது. அப்படியே செய்தேன். வந்ததை வாசித்தால், மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், சுரத்துக்குப் பதிலாகக் காற்றுதான் வருகிறது. ரீடைக் கட்டும் ஊதுவாயான மவுத்பீஸின் நுனியிலிருந்து மயிரிழை கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தேன். கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான். நாணலாக இருந்தால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துச் சரிசெய்திருப்பேன்; இதில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

2.5 என்பது எடைக்கல் இல்லை. ஒரு கம்பெனியின் 2.5 இன்னொரு கம்பெனியின் 3 போல வாசிக்கும். செயற்கை ரீடில் 2.25, 2.75 என்று கால் அளவுகள்கூடக் கிடைக்கின்றன. தயாரிப்பாளர்கள் ஒப்பீட்டு அட்டவணை வெளியிடுவதும் இதனால்தான். அதை நீங்கள் போடவில்லை. போட்ட ஒரு வரியும் தவறு.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். ஊறவைக்கத் தேவையில்லை என்றுதானே இந்த ரீடை விற்கிறீர்கள்! அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்தார், பாவம்.

பிறகு, ‘வாயில் வைத்த பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்று மின்னஞ்சல் வந்தது. சுகாதாரம் எனக்கும் தெரியும். என் தந்தை நாகஸ்வரக்காரர்; நாகஸ்வரத்தின் ரீடான அவருடைய சீவாளியை வீட்டில் வேறு யாரும் வாயில் வைத்ததில்லை. ஆனால், ஊதிப் பார்க்காமல் அவர் ஒரு சீவாளியையும் ஏற்றுக்கொண்டதும் இல்லை. ரீடின் கடினத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. ஆகவே 2 அல்லது 2.25 அளவு ரீடை அனுப்புங்கள். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். விற்பனைப் பக்கத்தில் உள்ள ‘அதே எண்’ என்ற அந்த வரியையும் நீக்கிவிடுங்கள். தவறினால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீதின் நகலும் உறையின் படமும் இணைத்துள்ளேன். ரீடு உறையிலேயே இருக்கிறது. கூரியர் ஆளைக் காலை பத்து மணிக்குப் பிறகு அனுப்பவும். முகூர்த்த நாட்களில் அதற்கு முன் நான் மண்டபத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்