தமிழ்க் கதையைத் தமிழ் தெரிந்தவர் வாசிக்க வேண்டும்: திரைப்படம், தொலைக்காட்சித் துறையில் இன சமத்துவம் கோரி வன்னியிலிருந்து ஒரு மனு

அனுப்புவோர்:
ஒளிப்பதிவு, குறும்படம், கூத்து, நாடகம் சார்ந்த தொழில் செய்வோர்,
முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்கள்.

பெறுநர்:
செயலாளர்,
வெகுசன ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சு,
கொழும்பு.

ஊடாக: மாவட்டச் செயலாளர், முல்லைத்தீவு.

ஐயா / அம்மணி,

விடயம்: அரச நிதியிலும் அரச தொலைக்காட்சியிலும் தமிழ் பேசும் கலைஞர்களுக்கு உரிய இடம் வழங்கக் கோருதல்

கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்கள் வன்னியின் நான்கு மாவட்டங்களையும் சேர்ந்தவர்கள். பெரும்பாலானோர் கலியாண வீடியோ எடுத்தும் சாமத்திய வீட்டுக்கு அல்பம் செய்தும் பிழைக்கிறோம். மிஞ்சுகிற காசில் குறும்படம் எடுக்கிறோம். கோவலன் கூத்து ஆடிப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரும், நாடகமும் அரங்கியலும் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

இந்த மனுவை யாருக்கு அனுப்புவது என்பதிலேயே எங்களுக்குள் வாதம் நடந்தது. திரைப்படக் கூட்டுத்தாபனம் ஒரு காலம் ஓர் அமைச்சின் கீழ் இருக்கும், அமைச்சரவை மாறினால் இன்னோர் அமைச்சுக்குப் போய்விடும். தொலைக்காட்சி உங்கள் பொறுப்பில் இருப்பதால் முதலில் உங்களுக்கு எழுதுகிறோம். மற்றவர்களுக்குப் பிரதி போகிறது.

நடந்த ஒரு விடயத்தைச் சொன்னால் எங்கள் குறை விளங்கும். புதிய இயக்குநர்களுக்கு நிதியுதவி தருவதாகக் கொழும்பில் ஒரு நிறுவனம் அறிவித்திருந்தது. பெயர் இங்கே வேண்டாம்; யாரையும் மாட்டிவிட நாங்கள் எழுதவில்லை. எங்களில் ஒருவர் முழுநீளப் படத்துக்கான திரைக்கதை ஒன்றை அனுப்பினார். விண்ணப்பப் படிவம் மூன்று மொழியிலும் இருந்தது, அது சரி. ஆனால் திரைக்கதை தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் நான்கு பக்கச் சுருக்கமும் இணைக்க வேண்டும் என்றிருந்தது. ஊரில் ஆங்கிலம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரைக் கெஞ்சி எழுதுவித்தார். கதையில் முள்ளியவளைக் கிழவி ஒருத்தி வருகிறாள். பேரனோடு சண்டை வரும் போதெல்லாம் கூத்துப் பாட்டிலேயே எடுத்தெறிந்து பதில் சொல்லுவாள், அவனும் விடாமல் தாளம் தட்டுவான். படத்தின் உயிரே அதுதான். நான்கு பக்க ஆங்கிலத்தில் அவள் வெறும் கோபக்காரப் பாட்டியாகிவிட்டாள்.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். இரவு பஸ்ஸில் போய், புறக்கோட்டையில் முகம் கழுவி, காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் திரைக்கதைக் கட்டு நூல் அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது. கேள்விகள் எல்லாம் அந்த நான்கு பக்கத்திலிருந்தே வந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த அறைக்குள் வந்து போனது உண்மை. அவர் தேநீர் கொண்டு வந்தவர்.

நிதி கிடைக்கவில்லை. கதை நன்றாக இல்லாமலும் இருந்திருக்கலாம். நன்றாக இல்லை என்பதை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதே எங்கள் முதல் கோரிக்கை, முக்கியமான கோரிக்கையும் அதுதான்.

வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத அறையில் எழுதப்படும் தமிழ்ப் பாத்திரம் திரையில் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். தொலைக்காட்சி நாடகத்தில் தமிழர் என்றால் கொச்சைச் சிங்களம் பேசும் கடைக்காரர், வீட்டு வேலை செய்யும் தோட்டத்துப் பெண், அல்லது துவக்கோடு நிற்கும் ஆள். பல் வைத்தியரோ, பஸ் நடத்துனரோ, காதலித்து ஏமாந்த சாதாரண ஆளோ தமிழராக வருவது அபூர்வம். தருமபுரத்துப் பிள்ளை ஒருத்தி தமிழ் ஆசிரியை வேடத்துக்குத் தெரிவுக்குப் போனாள். வேடம் வேறொரு நடிகைக்குப் போனது. அவருக்குத் தமிழ் வராது. வசனத்தைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பிள்ளையைப் பக்கத்தில் நின்று உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். சம்பளம் பஸ் காசும் மதியச் சாப்பாடும். அந்த நடிகையின் முகத்துக்கு இரண்டு மடங்கு கறுப்பாக மேக்கப் போட்டதையும் அவள் நின்று பார்த்தாள். அந்த நிறம் இயல்பாகவே உள்ளவள் இவள். ஒளிபரப்பானபோது இன்னொன்றையும் கண்டோம். ஆசிரியை போரில் கணவனை இழந்தவள் என்பது கதை. கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய குங்குமம். பெண் தலைமைதாங்கும் குடும்பங்கள் இவ்வளவு இருக்கிற வன்னியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அப்புறம் அலைவரிசையை மாற்றிவிட்டார்கள். படப்பிடிப்புத் தளத்தில் தமிழ் உதவி இயக்குநர் ஒருவர் நின்றிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் பிழை அது.

இந்தத் துறை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1947 ஜனவரியில் வெளியான முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடிக்கப்பட்டது தென்னிந்தியாவில். பிறகு பல பத்தாண்டுகள் ஸ்ரூடியோ, திரையரங்கு, ஒளிப்பதிவு, இசை என்று எல்லா மூலையிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரோடு சேர்ந்து நின்றார்கள். சிங்களத் திரையுலகின் பெரிய இயக்குநர்களில் ஒருவரான தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் வைத்து ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். 1983 ஜூலை இனக்கலவரத்தில் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். படச்சுருள்களும் நெருப்போடு போயின. அந்த அடியிலிருந்து இலங்கைத் தமிழ்த் திரைப்படத் தொழில் எழும்பவே இல்லை. பெயர் தெரிந்தவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள், மிஞ்சியவர்கள் வானொலிக்குப் போனார்கள். போர்க் காலத்து வன்னியில் கமரா பிடிக்கவும் எடிட் செய்யவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே நீட்டவில்லை. இன்றைக்கு அவர்களில் சிலர் ஓட்டோ ஓட்டுகிறார்கள்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. இனம், மொழி காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை. தமிழும் அரசகரும மொழி என்கிறது 18ஆம் உறுப்புரை. இன ரீதியான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1982இல் இணைந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் சுமார் 11 வீதம். மலையகத் தமிழரையும் தமிழ் பேசும் முஸ்லிம்களையும் சேர்த்தால் நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். இந்தக் கால்வாசிப் பேரின் வரியும் அரச தொலைக்காட்சிக்குள் போகிறது.

வெளிநாடுகளிலும் இதே சண்டைதான். அமெரிக்காவில் 2015, 2016 ஆகிய இரண்டு ஒஸ்கார் விழாக்களிலும் நடிப்புக்கான தலா 20 பரிந்துரைகளில் வெள்ளையர் அல்லாத ஒருவர்கூட இல்லை. பெரிய கூச்சல் எழுந்தது. 2020இல் ஒஸ்கார் வழங்கும் அக்கடமி, ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்ப்பதற்கென நான்கு நியமங்களை அறிவித்தது. 2024 விழாவிலிருந்து சிறந்த படத்துக்கான போட்டிக்கு வரும் படம் அவற்றில் இரண்டையாவது நிறைவு செய்ய வேண்டும். நடிகர்களைப் பற்றியது ஒரு நியமம் மட்டுமே. இன்னொன்று இயக்குநர், எழுத்தாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனையாளர் போன்ற திரைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றியது. மற்றொன்று சம்பளத்தோடு பயிற்சி கொடுப்பதைப் பற்றியது. இது கண்துடைப்பு என்று சொல்பவர்களும் உண்டு, பெரிய ஸ்ரூடியோக்களுக்கு இதை நிறைவு செய்வது கஷ்டமே இல்லை என்பதும் உண்மை. எங்களுக்கு அதைவிடப் பிடித்தது கிட்டடியில் இருக்கும் கேரளத்தின் வழி. அங்கே அரச திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் தனியாக நிதி ஒதுக்கி, ஒரு படத்துக்கு 1.5 கோடி இந்திய ரூபாய் வரை கொடுக்கிறது. நியூசிலாந்தில் மாவோரி மொழி நிகழ்ச்சிகளுக்கு நிதி கொடுக்கவென்றே 1993இல் ஒரு தனி அமைப்பு உருவானது. காசு எங்கே போகிறதோ அங்கேதான் கதையும் போகும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் அலைவரிசைகளிலும் எங்களுக்கு இடம் குறைவுதான். மாலை நேரத்தைத் தென்னிந்தியத் தொடர்கள் பிடித்துக்கொள்கின்றன. உள்ளூர்த் தயாரிப்பு என்று ஏதாவது வந்தால் யாழ்ப்பாணப் பேச்சு பேசுபவர் படித்த மனிதர், மலையகப் பேச்சு பேசுபவர் வேலையாள், மன்னார் முஸ்லிம் என்றால் வியாபாரி. கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களில் பலர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த மனுவில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். தமிழருக்கு ஒதுக்குகிறோம் என்று சொல்லி ஒரு நகரத்து நாலு பேருக்குக் கொடுத்துவிட்டால் எங்கள் குறை தீராது. பெண்களின் ஒப்பம் இதில் குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கமராவோடு வீடு திரும்பும் பிள்ளையை ஊர் என்ன சொல்லும் என்பது உங்களுக்கும் தெரியும். பாதுகாப்பான போக்குவரத்தோடு முறையான வேலை இருந்தால் அந்தப் பக்கம் கொஞ்சமாவது மாறும்.

படப்பிடிப்பு அனுமதி பற்றியும் சொல்ல இருக்கிறது. முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஒரு சின்னப் பையனும் ஆட்டுக்குட்டியும் வரும் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தோம். அரை மணிக்குள் மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து கதை என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னோம். அரசியல் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆட்டுக்குட்டியைக் காட்டினோம். ஒருவர் சிரித்துவிட்டார், ஆனாலும் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டுதான் போனார்கள். அடுத்த நாள் பையனின் தாய் இனி அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். கொழும்பிலிருந்து வரும் குழு இதே குளக்கட்டில் ட்ரோனும் பறக்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறது. பிரதேச செயலகத்தில் ஒரே படிவத்தில், தமிழில், நாள் குறித்து அனுமதி கொடுக்கும் முறை வந்தால் போதும். அந்தத் தாளைக் காட்டினால் வேறு கேள்வி வரக்கூடாது.

ஆகவே, அரச நிதிக்கோ அரச தொலைக்காட்சி ஒளிபரப்புக்கோ வரும் தமிழ்த் திரைக்கதைகளைத் தமிழிலேயே வாசித்து மதிப்பிடும் குழு ஒன்றை அமைக்கக் கேட்கிறோம். அதில் வடக்கு, கிழக்கு, மலையகம் மூன்றிலிருந்தும் ஆட்கள் இருக்க வேண்டும், ஒரு முஸ்லிமாவது, ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். நேர்முகம் தமிழில் நடக்க வேண்டும். கொழும்புக்கு வரச் சொல்வதாக இருந்தால் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள், அல்லது வவுனியாவுக்கு நீங்கள் வாருங்கள். அரச நிதியில் எடுக்கப்படும் சிங்கள நாடகத்தில் தமிழ்ப் பாத்திரம் இருந்தால் தமிழ் தெரிந்த எழுத்தாளர் அல்லது உதவி இயக்குநர் ஒருவரைச் சம்பளத்தோடு எடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த வேலைக்குப் பஸ் காசும் சாப்பாடும் சம்பளமாகாது. நல்ல தமிழ்ப் படைப்புகளுக்குச் சிங்கள உபதலைப்பும், சிங்களப் படைப்புகளுக்குப் பிழையில்லாத தமிழ் உபதலைப்பும் போட நிதி ஒதுக்கினால் இரு பக்கத்தாருக்கும் பயன். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

பயிற்சிக்கு மாங்குளத்தைப் பரிந்துரைக்கிறோம். ஏ9 வீதியில் இருப்பதால் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பிள்ளைகள் காலையில் வந்து பின்னேரம் வீட்டுக்குத் திரும்பலாம். மன்னார்ப் பிள்ளைகளுக்குத்தான் தங்குமிடம் தேவைப்படும். கட்டடம் கட்ட வேண்டாம், திறப்புவிழாவும் வேண்டாம். இருக்கிற மண்டபம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிநெறி, இரண்டு நல்ல கமரா, ஒலிப்பதிவு தெரிந்த ஒரு வளவாளர் போதும். ஒலிப்பதிவுதான் எங்கள் படங்களில் எப்போதும் கெட்டுப்போகிறது.

கடைசியாக, ஒவ்வொரு ஆண்டும் எந்த மொழியில் எத்தனை திரைக்கதை வந்தது, எத்தனைக்கு நிதி போனது, எந்த மாவட்டத்தவர், பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கை அமைச்சின் இணையத்தளத்தில் வெளியிடுங்கள். வெளியிடாவிட்டால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் கேட்போம். அது உங்கள் அலுவலர்களுக்கும் வீண் வேலை.

குறும்படங்கள் சேமித்த பென் டிரைவ் ஒன்றும், கையொப்பத் தாள்களும், மேலே சொன்ன கிழவியின் திரைக்கதையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். நூலை அவிழ்த்தே அனுப்புகிறோம். சந்திக்க ஒரு நாள் தந்தால் ஐந்து பேர் வருவோம், இரண்டு கிழமை முன்கூட்டி அறிவித்தால் கலியாண வேலைகளை ஒதுக்கி வைக்கலாம். ஆவணி மாதம் என்றால் கொஞ்சம் கஷ்டம். பதிலைத் தமிழில் அனுப்பினால் ரீச்சரை மறுபடியும் கரைச்சல்படுத்தத் தேவையில்லை.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(கையொப்பங்கள் இணைப்பில்)

பிரதிகள்:
தலைவர், தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம்
தலைவர், இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம்
தவிசாளர், அரசகரும மொழிகள் ஆணைக்குழு
ஆளுநர், வட மாகாணம்