போர்டு போகவில்லை, அடியில் தண்ணீர் நின்றது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு மாறிய இடத்தில் பழைய டிஷ்வாஷரை, அதாவது பாத்திரம் கழுவும் மெஷினை, மாட்டிப் பார்த்து, ஓடவில்லை என்றதும் காயலான் கடைக்குப் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

36 வருஷம் செவிலியராக இருந்தவள் நான். கை கழுவிக் கழுவியே விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோப்புத் தண்ணீர் பட்டால் ரத்தம் கசியும். அதற்காகத்தான் ஓசூரில் இருந்தபோது மகள் டிஷ்வாஷர் வாங்கிக் கொடுத்தாள். 11 வருஷத்தில் ஒரு நாள் மக்கர் செய்ததில்லை. காவேரிப்பட்டணத்தில் சொந்த வீட்டுக்கு வரும்போது குட்டி யானையில் மற்ற சாமான்களோடு அதையும் படுக்க வைத்து ஏற்றினார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

இங்கே மாட்டி ஸ்விட்சைப் போட்டால் தண்ணீரே எடுக்கவில்லை. கழிவுநீர் மோட்டார் மட்டும் ‘உம்’மென்று விடாமல் ஓடியது. சர்வீஸ் ஆள் வந்தார். “போர்டு போயிடுச்சும்மா, இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்ல, புதுசு வாங்கிடுங்க” என்றார். மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகையைத்தான் போர்டு என்றார். வந்து போன கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார். கீழ்த் தகட்டைக்கூட அவர் கழற்றிப் பார்க்கவில்லை.

என் தம்பி மகன் போர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். டிஷ்வாஷரை அதுவரை தொட்டதில்லை. “அத்தை, ஓசூர்ல ஓடுச்சில்ல? நடுவுல என்ன மாறுச்சுன்னு பாப்போம்” என்றான். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை அடைத்துவிட்டு, தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தோம். அடித்தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். அதில் ஒரு தெர்மாகோல் துண்டு மிதந்து, மேலே இருந்த சின்ன ஸ்விட்சை முட்டிக்கொண்டு நின்றது. கசிவு ஏற்பட்டால் வீடு நனையாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. வண்டியில் படுத்துக் கிடந்தபோது வயிற்றில் மிச்சமிருந்த தண்ணீர் அடியில் இறங்கியிருக்கிறது. மெஷின் அதைக் கசிவு என்றே எடுத்துக்கொண்டு, தண்ணீர் எடுப்பதை நிறுத்திக் கழிவுநீர் மோட்டாரை ஓடவிட்டிருக்கிறது. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்ததும் தெர்மாகோல் இறங்கியது. மறுபடி ஸ்விட்சைப் போட்டபோது அந்த இரைச்சல் இல்லை.

ஆனால் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மெஷினுக்குள் தண்ணீர் வரும் வால்வின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கிறது. அதில் மணலும், பிளம்பர் சுற்றிய வெள்ளை டேப்பின் துணுக்குகளும் அடைத்திருந்தன. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியதில் பாதி சரியானது. மீதி எங்கள் வீட்டின் குறை. ஓசூரில் நாங்கள் இருந்தது தரைத்தளம், டேங்க் நாலு மாடிக்கு மேலே. இங்கே சமையலறையே மாடியில், டேங்க் அதற்கு நேர் மேலே மொட்டை மாடித் தரையில். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். இந்த மெஷினுக்குக் குறைந்தது 0.3 பார், அதாவது 3 மீட்டர் உயரம் வேண்டும். டேங்க் நிறைந்திருந்தால் தேறும், பாதியானால் தேறாது. மூன்றடிக்கு மேடை கட்டி டேங்கை ஏற்றினோம். அன்றைக்கே ஓடியது. ஓடி முடித்ததும் அடித்தட்டைப் பார்த்தோம், காய்ந்தே இருந்தது.

அப்புறம், இங்கே போர் தண்ணீர் என்பதால் டம்ளரில் வெள்ளை படிந்தது. மெஷினுக்குள் இருக்கும் உப்புப் பெட்டியை நிரப்பி, கடின நீருக்கான அளவைக் கூட்டி வைத்தேன். பக்கத்து வீட்டம்மா, “அப்ப போர் தண்ணியில இருக்கற ஃபுளோரைடும் போயிடுமா?” என்று கேட்டார். போகாது. அந்த உப்பு சுண்ணாம்புப் படிவுக்குத்தான். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த சர்வீஸ் ஆள் சொன்னபடி புதுசு வாங்கியிருந்தாலும் அதே டேங்க், அதே அழுத்தம். அதுவும் இதே போல நின்றிருக்கும்.

நிமிர்த்தி ஏற்ற வேண்டும், இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கத்தான் செய்கிறது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். வண்டியில் ஏற்றிய பையன்களும் பிளம்பரும் அதை எப்படிப் படிப்பார்கள்? தமிழ்நாட்டில் விற்கும் கம்பெனிகள் இதைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து மெஷினின் முதுகிலேயே ஒட்டித் தர வேண்டும். சர்வீஸுக்கு வருகிறவர்கள் போர்டைக் குறை சொல்வதற்கு முன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிக் கீழே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.