அந்தக் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாமா, ஐயா?

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் ஆய்வுக்கு வந்தபோது, ஆறாம் வகுப்பில் சுவருக்குச் சுவர் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து, "என்னம்மா, துணி காயப்போடவா?" என்று கேட்டீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் பார்வைப் பதிவேட்டில், பின்னங்கள் பாடத்தில் பயிற்சிக் கணக்குகள் முடியவில்லை, வகுப்பறை ஒழுங்காக இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். அன்று மாலையே கயிறு அவிழ்ந்தது.

அது எண்கோடு ஐயா. மீட்டருக்கு ஒரு முடிச்சு: 0, 1, 2. செய்தித்தாளை ஒட்டி ஒரு மீட்டர் நீளப் பட்டைகள் செய்து, பிள்ளைகள் இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தார்கள். மூன்றாக மடிக்கத்தான் பாடாய்ப் பட்டார்கள். மடிப்பு விழுந்த இடத்துக்கு நேரே கயிற்றில் துணி கிளிப் மாட்டுவார்கள். 1/2 என்று மாட்டிய கிளிப்பும் 2/4 என்று மாட்டிய கிளிப்பும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றபோது, சமான பின்னம் என்ற சொல்லை நான் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை.

என் வகுப்பில் ஒரு பையன். வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்றுக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் அழகாகத் தீட்டுவான். 5/4 வந்தால் நோட்டை மூடிவிடுவான். "நாலு துண்டுல அஞ்சு துண்டை எப்படி டீச்சர் எடுக்கிறது?" என்பான். நியாயமான கேள்வி. ஒரு வட்டத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் என்னிடம் அதற்குப் பதில் இல்லை. மேல் எண் கீழ் எண்ணைவிடப் பெரிது, அதனால் தகா பின்னம் என்று பெயர் மட்டும் சொல்லலாம். நீங்கள் வந்த அன்று காலையில் அவன் பெஞ்சைப் பட்டையால் அளந்தான். ஒரு பட்டை போய் இன்னும் ஒரு கால் மிச்சம். கால் கால் என்று ஐந்து தடவை எண்ணினான். கயிற்றில் 1 என்ற முடிச்சைத் தாண்டிப் போய்க் கிளிப்பை மாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அரை மணி நேரம் கழித்து உங்கள் ஜீப் வந்தது.

பயிற்சிக் கணக்குகளை முடிக்க எனக்கும் தெரியும். இரண்டு நாளில் பக்கம் பக்கமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் நோட்டு நிறைந்துவிடும். 1/2 + 1/3 = 2/5 என்று பாதி வகுப்பு எழுதும்; சிவப்பு மையால் அடிக்கலாம். அதே பிள்ளையைப் பட்டையில் பார்க்கச் சொல்லுங்கள். 2/5 என்றால் 40 செ.மீ., அரை என்றால் 50 செ.மீ. அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் அரையைவிடக் குறையுமா என்று அதுவே கேட்கும்.

கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று பின்னங்களுக்குத் தனிப்பெயர் வைத்து அளந்த மொழி நம்முடையது. ஒரு படியில் அரைக்கால் பங்குக்கு ஆழாக்கு, கால் பங்குக்கு உழக்கு, அரைப் பங்குக்கு உரி என்று பெயர். நம் பாட்டிமார் அரிசி அளந்தே இதைக் கற்றார்கள். அவர்களை யாரும் ஆய்வு செய்யவில்லை, கொடுத்துவைத்தவர்கள். நானும் அந்தக் கயிற்றைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றியிருந்தால் அது 'புதுமைக் கற்பித்தல்' ஆகியிருக்கும். மூன்று பயிற்சி வகுப்புகளில் அதைத் திரையில் காட்டியிருப்பார்கள். வகுப்பறையில் நிஜமாகக் கட்டியதுதான் தப்பாகிவிட்டது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கேட்பது பெரிதில்லை. கயிற்றைத் திரும்பக் கட்ட அனுமதி தாருங்கள். பயிற்சிக் கணக்குகளுக்கு முன்னால் அளப்பதற்கென்று பத்துப் பாடவேளை தாருங்கள். பணம் கேட்கவில்லை, கருவிப்பெட்டி கேட்கவில்லை. கயிறும் பத்துப் பாடவேளையும் போதும். அதற்குப் பிறகு எந்த நோட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்.

கயிற்றைச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கிளிப்புகள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை; இரண்டு அம்மாக்கள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை