44ஆம் எண்காரன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் பேனாவைத் தொட அனுமதி கிடைத்தது. மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவனின் சட்டை எண்கூடப் பளிச்சென்று தெரிகிறது, போ.

பேரனோடு உட்கார்ந்து சான் பிரான்சிஸ்கோ அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்தாயாமே! "44ஆம் எண்காரன் பந்தைத் தொடவே இல்லை, ஓடிப்போய் யாரையாவது முட்டிக்கொண்டே இருக்கிறான். அவனை ஃபுல்பேக் என்கிறான் பேரன். காலேஜ் டீமில் நான் ஆடினதும் ஃபுல்பேக்தானே?" என்று கேட்டிருக்கிறாய். பெயர்தான் ஒன்று. நம் ஊர்க் கால்பந்தில் நீ கோலுக்கு முன்னே நின்று தடுத்தாய். இவன் பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுகிறவன்.

அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. முன்வரிசையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்பதை வைத்துக் கால், அரை, முழு என்று பிரித்தார்கள்: குவார்ட்டர்பேக், ஹாஃப்பேக், ஃபுல்பேக். பிற்பாடு அந்த முழு ஆளுக்கும் பின்னால் இன்னொருவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலத்தில் பந்தும் அவனிடம்தான். கிளீவ்லாந்து அணியின் ஜிம் பிரவுன் ஃபுல்பேக்தான். 1957 முதல் 1965 வரை 9 பருவங்களில் 12,312 கெஜம் ஓடினார். 1972இல் ஆடிய 17 ஆட்டங்களையும் ஜெயித்த மயாமி அணியில் லாரி சோங்கா. அப்புறம்தான் பந்து பின்னால் நிற்பவனுக்குப் போனது, முட்டுகிற வேலை இவனுக்கு வந்தது.

அந்த வேலையைச் சொல்கிறேன். பந்து கைமாறும் அந்த நொடியில் இவன் முன்வரிசையின் இடைவெளிக்குள் பாய்வான். எதிரே லைன்பேக்கர், அதாவது எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற தடுப்பாளன், நூறு கிலோவுக்கு மேல், அவனும் ஓடி வருகிறான். முழங்காலை மடக்கி யார் தாழ்வாக வருகிறார்களோ அவர்கள் பக்கம்தான் வெற்றி. மோதி அவனை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், பந்துக்காரன் இவன் முதுகை உரசிக்கொண்டு போய்விடுவான். டிவிக்காரர்கள் போனவனைத்தான் காட்டுவார்கள்.

லாரன்ஸோ நீல் என்று ஒரு ஃபுல்பேக். 1997 முதல் 2007 வரை ஐந்து அணிகள் மாறினார். எந்த அணிக்குப் போனாலும் அவருக்குப் பின்னால் ஓடியவன் ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினான், தொடர்ந்து 11 வருடம்! இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். டல்லாஸ் அணிக்காகப் பந்தோடு ஓடிய எம்மிட் ஸ்மித் 2010இல் கான்டன் ஊரிலுள்ள கால்பந்துப் புகழ்மண்டபத்தில் ஏறியபோது, தனக்கு வழி திறந்த டாரில் ஜான்ஸ்டனைப் பார்த்து நன்றி சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார்.

கல்லூரி ஆட்டத்தில் இன்னும் பழைய ருசி இருக்கிறது. 1968இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் 'விஷ்போன்' என்றொரு அமைப்பைக் கொண்டுவந்தது. பந்தை முதலில் வாங்குகிற குவார்ட்டர்பேக் அதை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைப்பான், எதிராளி ஒருவன் எங்கே திரும்புகிறான் என்று பார்ப்பான், பிறகு அங்கேயே விடுவான், இல்லை உருவிக்கொள்வான். அதன் வாரிசை ராணுவ, கடற்படை அகாடமிகள் விடாமல் பிடித்துக்கொண்டன. 140 கிலோ ராட்சசர்கள் அங்கே சேரமாட்டார்களே, தந்திரம்தான் கைகொடுக்க வேண்டும். கடற்படை அகாடமி இருக்கிற அன்னாபொலிஸில் ஒரு சனிக்கிழமை கடற்படை ஆட்டம் பார்த்தேன். ஃபுல்பேக் குவியலுக்குள் விழுந்தான், நானும் கைதட்டினேன். பந்தோ இடது ஓரத்தில் இருபது கெஜம் போயிருந்தது. பக்கத்துக் கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மற்ற இடங்களில் இந்த இனம் அருகிவிட்டது. எல்லோரும் பந்தை எறிகிறார்கள்; எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர் மூன்றாவதாக ஒருவனை இறக்க ஒருவரை வெளியேற்ற வேண்டும், இவன்தான் வெளியே. பல தொழில்முறை அணிகளில் ஃபுல்பேக்கே கிடையாது. பால்டிமோர் அணியில் பாட்ரிக் ரிக்கார்ட் என்றவரைத் தற்காப்பு வரிசையிலிருந்து கொண்டுவந்துதான் ஃபுல்பேக் ஆக்கினார்கள், ஆள் சுமார் 136 கிலோ.

நீ பார்த்த 44, கைல் யூஸ்செக். ஹார்வர்டில் படித்தவர். 2017இல் நாலு வருடத்துக்கு 2.1 கோடி டாலர் கொடுத்து எடுத்தார்கள்; முட்டுகிறவனுக்கு இவ்வளவா என்று ஊரே கேட்டது. பந்தைத் தொடமாட்டார் என்று மட்டும் சொல்லாதே. 2020 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் பந்தைப் பிடித்து, எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுனே போட்டவர். அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்.

ஜனவரியில் வருகிறேன். உன் பேரனுக்குக் கடற்படை அணித் தொப்பி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், தலை அளவை எழுதி அனுப்பு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ.

அன்புடன்,
ராமு