கத்தார் இல்லை, காத்தார்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தெற்கு பிரான்ஸ் பயணக் கட்டுரையை அப்பா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "உங்க ஊர்ப் பக்கம் கத்தார்காரங்க எப்பம்மா கோட்டை கட்டினாங்க?" தலைப்பில் 'கத்தார் கோட்டைகள்' என்று அச்சாகியிருந்தது. வளைகுடா நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இவர்கள் காத்தார்கள், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பக்கம் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். ஒரு துணைக்கால் விழுந்துவிட்டது, சரி, போகட்டும். ஆனால் 'காத்தார்கள் கட்டிய கோட்டைகள்' என்று கட்டுரை நெடுக வருகிறதே, அதை அப்படியே விட மனசு வரவில்லை.

நான் பதினோரு வருடமாகத் துலூஸில் இருக்கிறேன். இங்கிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் காரில் போனால் நெடுஞ்சாலைப் பலகையே 'காத்தார் நாடு' என்றுதான் வரவேற்கும். ஒயின் பாட்டிலிலும் காத்தார், ஓட்டல் பெயரிலும் காத்தார். அதனால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. நானும் முதல் சில வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பெய்ர்பெர்த்தூஸ் கோட்டைக்குப் போனபோதுதான் இடித்தது. உச்சிக்கு ஏறும் படிகளைப் பாறையில் வெட்டச் சொன்னவர் ஒன்பதாம் லூயி மன்னராம், 1242இல். காத்தார்களை ஒடுக்கிய தரப்பு ஆயிற்றே அவர்!

கதை இதுதான். ரோமாபுரித் திருச்சபையை ஏற்க மறுத்த காத்தார்களை ஒழிக்க, போப் மூன்றாம் இன்னொசென்ட் அழைப்பில் 1209இல் வடக்கிலிருந்து படை வந்தது. அந்த வருடமே பெசியே நகரத்தில் பெரும் படுகொலை. போர் 1229 வரை இழுத்தது. அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூர்ப் பிரபுக்கள் பணிந்தார்கள். பெய்ர்பெர்த்தூஸ் 1240இல் அரசர் கைக்குப் போனது. காத்தார்கள் கடைசி வரை ஒளிந்திருந்த கெரிபுஸ் 1255இல். அந்தப் பக்கம் தெற்கே, இன்றைய ஸ்பெயின் பக்கம், அரகோன் அரசு. 1258இல் கோர்பேய் ஒப்பந்தம் இரண்டுக்கும் நடுவே எல்லை வகுத்தது. அந்த எல்லையைக் காவல் காக்க, பிடுங்கிய பழைய கோட்டைகளை இடித்தும் பெருக்கியும் பிரெஞ்சு அரசர்கள் எழுப்பியவைதான் இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற மதில்களில் பெரும்பகுதி. பெய்ர்பெர்த்தூஸ், கெரிபுஸ், புய்லோரான்ஸ், தெர்ம், அகிலார் ஆகிய ஐந்து கோட்டைகளையும் கர்கசோன் என்ற கோட்டை நகரத்தின் ஐந்து பிள்ளைகள் என்பார்கள். 1659இல் எல்லை இன்னும் தெற்கே பிரனேய் மலைத்தொடருக்கு நகர்ந்ததும் பிள்ளைகளுக்கு வேலை போனது.

காத்தார்கள் தஞ்சம் புகுந்திருந்த மோன்செகூர் கோட்டையும் விலக்கில்லை. 1243 மே மாதம் தொடங்கிய முற்றுகை அங்கே பத்து மாதம் நீடித்தது. மதம் மாற மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை 1244 மார்ச் 16 அன்று உயிரோடு எரித்தார்கள். மலையடிவாரப் புல்வெளியில் ஒரு நடுகல் இருக்கிறது, 1960இல் வைத்தது. 'தூய கிறிஸ்தவ அன்பின் தியாகிகளான காத்தார்களுக்கு' என்று இந்தப் பக்கத்துப் பழைய மொழியான ஆக்சித்தானில் பொறித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மூச்சு வாங்க மேலே போய், எல்லோரும் படம் எடுக்கிற மதில் இருக்கிறதே, அது முற்றுகைக்குப் பிறகு வந்த லெவி என்ற பிரபு குடும்பத்தார் கட்டியது. காத்தார்கள் உண்மையிலேயே குடியிருந்த இடம் மதிலுக்கு வெளியே, வடக்குச் சரிவில்: முழங்கால் உயரத்துக்குக்கூட வராத வீட்டு அடித்தளங்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்தது, 'ஒரே நாளில் நான்கு கோட்டை' என்ற யோசனை. என் மாமனார், மாமியார் வந்தபோது ஒரு பயண ஏற்பாட்டாளர் இதேபோல ஒரு திட்டம் போட்டுத் தந்தார். மூன்றாவது கோட்டையில் மாமியார் காரை விட்டு இறங்கவே இல்லை. "எல்லாம் கல்லுதானேம்மா" என்றுவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. கார் நிறுத்தத்திலிருந்து ஏறி, படம் எடுத்து, இறங்கினால் கல்லுதான். இந்தக் கோட்டைகளை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். கடலோரத்துப் போர்-லா-நூவேலிலிருந்து ஃபுவா வரை சுமார் 250 கிலோமீட்டருக்குக் 'காத்தார் பாதை' என்றே ஒரு நடைபாதை இருக்கிறது. முழுதாக நடக்க பன்னிரண்டு நாள் போல ஆகும். நாங்கள் துண்டு துண்டாகத்தான் நடந்திருக்கிறோம். துய்லாக் கிராமத்திலிருந்து பெய்ர்பெர்த்தூஸுக்கு ஏறுகிற துண்டு ஒன்று போதும். தைம் செடி காலில் மிதிபட்டு மணக்க, கோட்டை பாறையிலிருந்து பிரிந்து தெரியவே அரை மணி நேரம் பிடிக்கும். எது மலை, எது மதில் என்று கண்ணுக்குப் புலப்படாது. எதிரிக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்!

வழி தவறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மரத்திலும் பாறையிலும் வெள்ளைக்கோடு, அதன் கீழே சிவப்புக்கோடு போட்டிருந்தால் அது நெடும்பாதை. மஞ்சள் கோடு மட்டும் என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இந்தக் கோடுகளை வரைவதும் புதுப்பிப்பதும் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள், சம்பளம் இல்லாமல். பெருக்கல் குறியைப் பார்த்தும், "குறுக்கு வழி மாதிரி இருக்கு" என்று என் கணவர் எங்களை ஒருமுறை இறக்கிக் கூட்டிப்போய் ஒரு திராட்சைத் தோட்ட வேலியில் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்ப முக்கால் மணி நேரம் ஏற்றம். பையன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான்.

'சிறுவர், முதியோர் எல்லோரும் எளிதாக ஏறலாம்' என்று எழுதியதை மட்டும் அடுத்த இதழிலேயே திருத்திவிடுங்கள். லூயி மன்னரின் படிகள் காலம் காலமாக மிதிபட்டு வழவழவென்று இருக்கும். ஒரு பக்கம் அதலபாதாளம். த்ரமொன்தான் என்ற வடமேற்குக் காற்று அடிக்கிற நாளில் நானே பிடிமானத்தை விடாமல் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். இடி மின்னல் வந்தால் கோட்டையையே மூடிவிடுவார்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் என்றால் மலைப்பாதைகளையும் மூடுவார்கள். அதை வீண் கெடுபிடி என்று நினைக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் இதே கொர்பியேர் மலைப்பகுதியில் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது. மே, ஜூன் நல்லது. செப்டம்பரும் நன்றாக இருக்கும், ஆனால் வேட்டைக்காலம் தொடங்கிவிடும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன், முகம் சுளிக்க வேண்டாம். கிராமத்தில் கடை மத்தியானம் பூட்டியிருக்கும், சில ஊரில் கடையே இருக்காது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். 'குடிநீர் அல்ல' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். நடைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்.

சைவச் சாப்பாடு கிடைக்காது என்று எழுதியது சரிதான். இந்தச் சீமையின் பெருமையே கசூலே; வெள்ளை பீன்ஸோடு வாத்தும் பன்றியும் சேர்த்து வேகவைப்பது. காத்தார் துறவிகள் மீனைத் தவிர இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்கள். அவர்கள் பெயர் வைத்த ஓட்டலில் சைவம் கேட்டால் ஆம்லெட் கொண்டு வந்து வைக்கிறார்கள்.

கடைசியாக ஒரு படத் திருத்தம். இரண்டாம் பக்கத்தில் 'கெரிபுஸ்' என்று போட்டிருப்பது பெய்ர்பெர்த்தூஸ். அதே படத்தில் வலது ஓரம், தூரத்து முகட்டில் பல் முளைத்த மாதிரி ஒன்று தெரிகிறதே, அதுதான் கெரிபுஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
துலூஸ், பிரான்ஸ்.