கைப்பேசியைக் கீழே வைத்தாயிற்று, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குழந்தை வளர்ப்புப் பகுதியில், பேச்சு வரத் தாமதமாகிற பிள்ளைகளைப் பற்றி வந்த வாக்கியம் இது: 'தாய் கைப்பேசியைக் கீழே வைத்தால் பிள்ளை தானாக வாயைத் திறக்கும்.' எழுதியவரின் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களையெல்லாம் படித்துவிட்டு, உரிய மரியாதையோடுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் வீணாகவில்லை. பேத்தியைப் பார்க்க வந்த சம்பந்தி அம்மாள் அதை நாலாக மடித்து, என் மகள் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்துவிட்டு, "பேப்பர்லயே போட்டிருக்கான், பாத்தீயளா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? பேப்பரில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவன்தானே.

பேத்திக்கு இரண்டரை வயது ஆகப் போகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசமாக, அதாவது பிறரோடு பேசிப் பழகுவதில் வேறுபடுகிற மூளை வளர்ச்சி நிலையாக, இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காதைச் சோதித்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது. அடுக்களையில் பிஸ்கட் கவர் சரசரத்தால் முற்றத்திலிருந்து ஓடி வருகிறவளுக்குக் கேட்காமல் என்ன? முறுக்கு வேண்டுமென்றால் விரலை நீட்டிக் காட்டத் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அலமாரிக்கு நேரே நிறுத்தி, என் கையைத் தூக்கி டப்பா மேல் வைப்பாள். அந்த நேரத்தில் ஒரு தடவைகூட என் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். இது கைப்பேசியைப் பார்த்துக் கற்ற வித்தை இல்லை என்பதைத் தங்கள் நிபுணருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆசிரியருக்குத் தெரியாததல்ல. 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பார்த்து ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தப் பதினோரு தாய்மாரும் எந்தக் கம்பெனி போன் வைத்திருந்தார்கள் என்று நிபுணர் விசாரித்துச் சொன்னால் நல்லது. அதன் பிறகு, தாய்க்குப் பாசம் போதாததுதான் காரணம் என்று அங்கே படித்தவர்களே கொஞ்ச காலம் சொல்லித் திரிந்தார்கள். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் அதைச் சொல்லியே புகழடைந்தார். 1964-லேயே அதை மறுத்து எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள பையனுக்குத் தகப்பன். அங்கே குப்பையில் போட்ட பழியைத் தூசி தட்டி எடுத்து நம்மூர்த் தாய்மார் தலையில் வைக்க ஒரு ஞாயிறு இணைப்பு! அதுவும் வழவழ காகிதத்தில்.

சின்னப் பிள்ளைக்குப் போன் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேலும் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. என் மகள் அதைவிடக் கறார். பாளையங்கோட்டைக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போகிற பஸ்ஸில் ஏர் ஹாரன் அடித்தால் பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். ஒருநாள் முன் சீட்டு அம்மாள் திரும்பி, "இதக் காட்டுமா, கப்புனு அடங்கிரும்" என்று தன் போனை நீட்டினார். மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். "பிள்ளைய அடக்கத் தெரியல, வீம்பு மட்டும் இருக்கு" என்று சேரன்மகாதேவி வரைக்கும் அர்ச்சனை. கொடுத்தால் பேப்பர் திட்டும், கொடுக்காவிட்டால் பஸ் திட்டும்.

அதே கட்டுரையில் 'மூன்று வயது வரை பொறுமையாக இருங்கள்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். பொறுமைக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. நாக்கில் வசம்பு தடவினோம், கோயில் மணியில் ஊற்றிய தண்ணீரைக் கொடுத்தோம். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூரில்தான் பேசினார் என்று எங்களுக்குச் சொல்லாத ஆளில்லை. திருச்செந்தூருக்கும் போய் வந்தோம். முருகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குமரகுருபரர் பேசாவிட்டாலும், அம்மா கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆட்டிசம் இருக்குமோ என்று பெற்றோரிடம் 20 கேள்வி கேட்டு முதலில் சலித்துப் பார்க்க எம்-சாட் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. இன்னதுதான் என்று அது முடிவு சொல்லாது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். அது 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது. தங்கள் நிபுணர் சொன்னபடி மூன்று வயது வரை பொறுத்தால் அந்த வயதே தாண்டிவிடும். சந்தேகம் என்றாலே பயிற்சியை ஆரம்பித்துவிடலாம், சர்டிபிகேட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று எங்களுக்குச் சொன்னவர் பயிற்சி கொடுக்கிற சின்னப் பெண். அந்த ஒரு வரி இணைப்பில் வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே 'ஆட்டிசத்துக்கு நிரந்தரத் தீர்வு' என்று கட்டம் கட்டி விளம்பரம். ஆட்டிசத்தை அடியோடு மாற்றுகிற மருந்து இன்றுவரை கிடையாது என்பது விளம்பரப் பிரிவுக்குத் தெரியாவிட்டாலும் ஆசிரியருக்குத் தெரியும். ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் வந்தால் எங்கோ ஒரு கட்டடத்தில் நீல விளக்கு எரிகிற படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள். நீல விளக்கை வைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறவன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான்? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கிற அமர் சேவா சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆரம்பநிலைப் பயிற்சி உண்டு என்பதே எங்களுக்கு ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தாய் சொல்லித்தான் தெரியும். 1981-லிருந்து இருக்கிற இடம் அது.

அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்பது 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். குறை தெரிந்தால் அனுப்புவதற்கு மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் (சின்ன வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குகிற இடம்) அதிலேயே உண்டு. குழு எப்போது வரும் என்று எங்கள் அங்கன்வாடியில் கேட்டதற்கு, "வந்தா சொல்லுதோம் சார்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, அந்தச் செய்தியை எந்தப் பேப்பரும் கேட்டுப் போட்டதில்லையே. படித்துறைக் குப்பையைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டித்தான் போட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

மறுப்புச் செய்தி போடச் சொல்லிக் கேட்கவில்லை. போட்டாலும் சம்பந்தி அம்மாள் அதை மடித்து வைக்கப் போவதில்லை. தினமும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் போடுகிறீர்கள். வாரம் ஒரு நாள் அதன் பக்கத்தில் நாலு வரி வேண்டும்: நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்த அரசு மருத்துவமனையில், என்ன கிழமை, எந்த அறையில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கிறார்கள், போன் நம்பர் என்ன. தங்கள் நிருபர்கள் ஒரு காலைப் பொழுதில் விசாரித்துவிடக் கூடியதுதான்.

கடிதம் நீளம் என்றால் குமரகுருபரரை வெட்டிக்கொள்ளுங்கள், லியோ கேனரையும் வெட்டிக்கொள்ளுங்கள். அணைக்குப் பக்கத்தில் கேட்ட நாலு வரியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கல்லிடைக்குறிச்சி